சானடோரியக் கட்டில்கள் குறைந்தபோது

பழைய சித்தூர் ஜில்லாவில், மதனப்பள்ளிக்கு அருகே அமைந்துள்ளது ஆரோக்கியவரம். பல கிறிஸ்தவ மிஷன்களின் கூட்டு முயற்சியால் 1915-ஆம் ஆண்டில் இங்குக் காசநோய் சானடோரியம் திறக்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் பிரிமாட்-மோலர் அதன் முதல் தலைமை மருத்துவர். தூய காற்று, முழு ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே அன்றைய சிகிச்சையின் அடிப்படை. நோயாளிகள் பல மாதங்கள் அங்கேயே தங்க வேண்டியிருந்தது.

இம்முறையில் பெருஞ்சிக்கல் ஒன்றும் இருந்தது. உழைப்பாளி படுக்கையில் கிடந்தால் வீட்டில் வருமானம் நின்றது, கடன் ஏறியது, பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது. கட்டில்களோ சில, நோயாளிகளோ இலட்சக்கணக்கினர்.

இந்நிலையில் 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் தத்தம் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான இடத்தில், குறைந்த உணவுடன் வாழ்ந்தனர். ஆயினும் நோய் தணிந்தோர் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. உடன் வாழ்ந்தோருக்கு நோய் தொற்றும் அபாயமும் மிகவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு, குணப்படுத்துவது மருந்தே, கட்டில் அன்று என்பதை நிலைநாட்டியது.

அதன்பின் பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன. சில பொது மருத்துவமனைகளாயின. ஆரோக்கியவரமும் பொது மருத்துவ நிலையமாக மாறிற்று. 1962-இல் வகுக்கப்பட்ட தேசியத் திட்டம், ஜில்லாவின் சாதாரண ஆஸ்பத்திரிகளிலேயே சிகிச்சைக்கு வழி செய்தது.

கட்டில்கள் குறைந்தும் மக்கள் பயனடைந்தது ஏன்? மருந்து அவர்கள் இருப்பிடத்தை நாடிச் சென்றமையே காரணம். மாற்று ஏற்பாடின்றி ஓர் ஆஸ்பத்திரி மூடப்பட்டால் விளைவு வேறாகும். பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் நோயாளியின் தலையில் விழும். ஏழையே முதலில் சிகிச்சையைக் கைவிடுவான். ஆஸ்பத்திரிக்குப் பாலும் காய்கறியும் விற்றோர், துணி வெளுத்தோர் ஆகியோரின் பிழைப்பும் குன்றும்.

சானடோரியம் அளித்துவந்த உணவையும் மேற்பார்வையையும் இன்று வீட்டிலேயே அளிக்க வேண்டியுள்ளது. காசநோயாளியின் உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. எனினும், பாதியில் மருந்தை நிறுத்தினால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும்.

2022-இல் பழைய சித்தூரிலிருந்து திருப்பதி தனி ஜில்லாவாயிற்று; மதனப்பள்ளியும் சித்தூரை விட்டுப் பிரிந்தது. எல்லைகள் மாறினும் ஊழியர் கடமை மாறவில்லை. மருந்து வாங்க வராத நோயாளியின் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்பதும், பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டு நிலையை ஆசிரியர் அறிவதும், மூடிய கட்டில்களுக்கு ஈடான பணிகளாகும்.