காஞ்சிபுரம் பட்டு நூல் சாயத் தொழிலின் வெப்பத் தேவை: மதிப்பிடும் முறை

முன்னுரை

ஒரு சிற்றூரின் வீடுகளுக்கு ஒரே கொதிகலனிலிருந்து குழாய் வழியே வெப்பம் வழங்கும் முறை ஐரோப்பாவில் பரவலாக உள்ளது. ஜெர்மனியின் யூண்டே என்னும் சிற்றூர் 2005இல் உயிரி எரிவாயுவும் மரச்சில்லுகளும் கொண்டு இத்தகைய வலையமைப்பை நிறுவியது. அங்கு வெப்பத் தேவையை வீடுகளின் பரப்பு, சுவர்க் காப்பு, குளிர்கால வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுவர். இவ்வளவைகளைக் காஞ்சிபுரத்திற்குப் பொருத்தினால் விடை ஏறத்தாழச் சுழியாகும். ஆயினும் இவ்வூரின் சாயப்பட்டறைகளில் அடுப்பு எரிகிறது. இங்கு வெப்பத்தைக் கேட்பது வீடன்று, நூல். ஆகவே கணக்கும் நூலின் எடையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு கிலோ நூலின் கணக்கு

கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசையாகும். சோப்பும் சோடாவும் கலந்த, கொதிநிலையை ஒட்டிய நீரில் நூலை வேகவைத்து இதனை நீக்குவர். பின்னரே சாயம் தோய்ப்பர். ஒரு கிலோ நூலுக்கு 30 லிட்டர் நீர் எனக் கொள்வோம். அதனை 28 பாகையிலிருந்து 95 பாகை செல்சியசுக்கு உயர்த்த 8.4 மெகாஜூல் வேண்டும். பசை நீங்கி எஞ்சும் 750 கிராம் நூலை அதே விகித நீரில் 90 பாகையில் தோய்க்க மேலும் 5.8 மெகாஜூல் வேண்டும். இரண்டும் சேர்ந்து 14.2 மெகாஜூல்.

பாடநூல் முறை இவ்விடத்தில் நின்றுவிடும். ஆனால் மூடியில்லாக் கொப்பரையில் வேகவைக்கும்போது மூன்று லிட்டர் நீர் ஆவியானால், அதற்கு மட்டும் ஏறத்தாழ 6.8 மெகாஜூல் செலவாகும். சாயம் தோய்க்கும் நீரைச் சூடாக்கும் வெப்பத்தினும் இது மிகுதி! மூடி ஒன்று இட்டு இவ்விழப்பைப் பாதியாக்குவதே மலிவான முதற்பணி. மொத்தம் 21 மெகாஜூல் எனில், கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும் விறகை 15 விழுக்காட்டுத் திறனுள்ள அடுப்பில் எரிக்கும்போது ஒரு கிலோ பட்டுக்கு 9 கிலோவுக்கு மேற்பட்ட விறகு தேவைப்படும்.

நீர் விகிதம் நிலையானதன்று. காஞ்சிப் பட்டில் உடல், கரை, முந்தானை ஆகியவை வெவ்வேறு நிறங்களில் அமைவதும், கோர்வை முறையில் கரை தனியே இணைக்கப்படுவதும் வழக்கம். ஆகவே சிறுசிறு கழிகளாகப் பல நிறங்களில் தோய்க்க நேர்கிறது. கழி சிறிதாயினும் கொப்பரையில் நூல் மூழ்கும் அளவுக்கு நீர் வேண்டுமாதலால், கிலோவுக்கான வெப்பம் கூடுகிறது. எனவே கள ஆய்வில் ஆண்டு உற்பத்தியை மட்டும் கேட்டறிதல் போதாது. ஒரு தோய்ப்பின் சராசரி எடையையும், திருமண முகூர்த்தக் காலங்களுக்கு முன் பணி குவியும் நாள்களையும் பதிவு செய்தல் வேண்டும். கொதிகலனின் அளவை நிர்ணயிப்பது உச்சநாளே, ஆண்டுச் சராசரியன்று.

குழாயா, பொதுப் பட்டறையா?

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதியில் 500 மீட்டர் வெப்பக் குழாய் பதிப்பதாகக் கொள்வோம். மீட்டருக்கு 20 வாட் இழப்பு என்றாலும், நாளொன்றுக்கு 864 மெகாஜூல் மண்ணில் கலந்துவிடும். இது ஏறத்தாழ 41 கிலோ நூலைப் பதப்படுத்தித் தோய்க்கும் வெப்பத்திற்கு ஈடாகும். அடுப்பு எரியாத இரவிலும் இவ்விழப்பு தொடரும். சிறு பட்டறைகள் சிதறியிருக்கும் இடத்தில், வெப்பத்தை நூலிடம் கொண்டுசெல்வதைவிட நூலை வெப்பத்திடம் கொண்டுசெல்வதே பொருத்தமாகும். ஒரு கிலோ நூலைச் சைக்கிளில் எடுத்துச்செல்ல வெப்ப இழப்பு ஏதுமில்லை.

அவ்வாறு அமையும் பொதுச் சாயப்பட்டறையில் தட்டைச் சூரியக் கலன்கள் நீரை 60 பாகை வரை சூடாக்கித் தந்தால், 95 பாகைக்கான வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி விறகின்றிக் கிடைத்துவிடும். எஞ்சிய 35 பாகைக்கு மட்டுமே கொதிகலன் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாள்களில் இப்பங்கு குறையும்; அந்நாள்களுக்குக் கொதிகலன் முழுச்சுமையையும் தாங்குமாறு அமைத்தல் வேண்டும்.