இலை உதிர்க்கும் அசேலியா

நீலகிரியில் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப்பூவரசு மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் இந்தப் புதரும் ரோடோடென்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்தவை. காட்டுப்பூவரசு ஆண்டு முழுதும் பசுமையாக இருக்கும். இது குளிர்காலத்தில் மொட்டைக் கிளையாக நிற்கும். வசந்தம் பிறந்ததும் தளிருக்கு முன்போ தளிரோடு சேர்ந்தோ பூக்கும். பசுமை மாறா அசேலியாக்களில் காணக் கிடைக்காத தெளிந்த மஞ்சள் இதற்கு உண்டு. அந்த நிறத்துக்காகவே இதை வளர்க்கலாம்.

சிட்னியின் பரமட்டாவில் கோடைதான் சிக்கல். வெயில் 40 பாகையை எட்டும் நாள்களில் இலை விளிம்பு கருகிவிடும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடமாகப் பாருங்கள். மண் அமிலத்தன்மையோடு, நீர் தேங்காததாக இருக்க வேண்டும். சிமெண்ட் சுவரோரம் நடாதீர்கள். அதிலிருந்து கசியும் சுண்ணாம்பால் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வதால் அடியைக் கொத்தாமல் மரப்பட்டைத் துகளால் மூடுங்கள். அடுத்த ஆண்டின் மொட்டுகள் கோடையிலேயே உருவாகிவிடும். கவாத்து செய்வதானால் பூ உதிர்ந்த உடனே செய்யுங்கள்.

இது செழிப்பதைக் காண, பரமட்டாவில் நீலமலை (Blue Mountains) ரயிலேறி பிளாக்ஹீத்தில் இறங்குங்கள். சுமார் 1,065 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரின் கேம்ப்பெல் ரோடோடென்ட்ரான் தோட்டம் வசந்தத்தில் பூத்துக் குலுங்கும்.

எச்சரிக்கை: இலை, பூ, தேன் அனைத்திலும் நஞ்சு உண்டு. குழந்தைகளோ நாய்களோ இவற்றைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.