சுற்றினால் எரிகிறது, விட்டால் அணைகிறதா?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனது. அப்படிப்பட்ட இரவுக்கென்றே கைப்பிடி சுற்றும் டார்ச்சையும் ரேடியோவையும் வாங்கி வைக்கிறோம். வேண்டிய நேரத்தில் எடுத்தால், சுற்றும்வரை எரிகிறது. கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது.

தூக்கி எறியாதீர்கள். சுற்றும்போது எரிகிறதென்றால் டைனமோவும் பல்சக்கரமும் நன்றாகவே இருக்கின்றன. பெரும்பாலும் போனது உள்ளே இருக்கும் செல்தான். மாதக்கணக்கில் தொடாமல் வைத்தால் செல் தானாகவே வடிந்து கெடும். அதை மட்டும் மாற்றினால் போதும். "முழுசா போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று கடைக்காரர் சொன்னால், திறந்து காட்டச் சொல்லுங்கள்.

செல்லை மாற்றுவதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல கருவிகளில் 1.2 வோல்ட் நிக்கல் செல்கள் மூன்றைக் கோத்து 3.6 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். வேறு சிலவற்றில் 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்று இருக்கும். எண்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பற்றவைத்துவிடலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் 4.2 வோல்ட் அளவில் நின்றாக வேண்டும். நிக்கலுக்கென்று செய்த மலிவான சுற்றில் அப்படி நிறுத்தும் ஏற்பாடு இருக்காது. விளைவு, செல் உப்பலாம், தீப்பிடிக்கவும் கூடும். பழைய செல்லின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ, அதே ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து உருவி, புது உறை சுற்றிய செல்லை விலை மலிவென்று வாங்காதீர்கள். உப்பிய செல்லைக் குத்தவோ மீண்டும் சார்ஜ் ஏற்றவோ வேண்டாம். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது: 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது நம் கடமை, திரும்பப் பெற வழிசெய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பொருளைப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியிருப்போம், கெட்டுப்போனால் கர்நாடகத்தில் போய் யார் வழக்கு நடத்துவது என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தயக்கம் இனி வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளியில் குடியிருப்பவரும் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு தவறான செல்லைப் பொருத்திய பழுதுக்கடை மீதும் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம்.

இதற்கெல்லாம் ஆதாரம் பில். 200 ரூபாய் வேலைக்கும் பில் கேளுங்கள், அதில் செல்லின் ரகத்தையும் எழுதி வாங்குங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அங்கே தீராவிட்டால் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.