வீட்டுல என்ன மொழி பேசுறீங்க?

உங்க அண்ணனோ அக்காவோ அமெரிக்காவுல இருக்காங்களா? அடுத்த தடவை போன் பண்ணும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. "குழந்தையை ஸ்கூல்ல சேர்க்கும்போது வீட்டு மொழின்னு என்ன எழுதிக் கொடுத்தீங்க?" கொஞ்சம் இழுப்பாங்க. "இங்கிலீஷ்னுதான் எழுதினோம்"னு பதில் வந்தா ஆச்சரியப்படாதீங்க!

அங்கே அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்க்கும்போது ஒரு படிவம் நீட்டுவார்கள். குழந்தை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்று சில கேள்விகள். 'தமிழ்' என்று எழுதினால் பெரும்பாலும் குழந்தைக்கு ஆங்கிலத் தேர்வு உண்டு. கலிஃபோர்னியாவில் 30 நாளுக்குள், டெக்சஸில் நாலு வாரத்துக்குள். தேறாவிட்டால் 'ஆங்கிலம் கற்கும் மாணவர்' என்று முத்திரை குத்திவிடுவார்கள். அமெரிக்காவிலேயே பிறந்து, நாள் முழுக்க இங்கிலீஷ் கார்ட்டூன் பார்க்கிற வாண்டாக இருந்தாலும் இதே கதைதான். "ஊரு பேரைச் சொன்னதுக்கு இந்தத் தண்டனையா?" என்று நம்மவர்கள் பலர் நைஸாக 'இங்கிலீஷ்' என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் இந்த விதி தண்டனையாக வந்தது இல்லை பாஸ். கேட்டு வாங்கியது!

1970களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் சுமார் 2,800 பேர். அதில் 1,800 பேருக்கு எந்தத் தனி உதவியும் இல்லை. டீச்சர் வாயசைப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 'எல்லோருக்கும் ஒரே கட்டடம், ஒரே புத்தகம், ஒரே டீச்சர். இதில் என்ன பாரபட்சம்?' என்பது எதிர்த்தரப்பு வாதம். கீழ்க்கோர்ட்டுகளும் அதைத்தான் ஏற்றுக்கொண்டன. 1974 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: புரியாத மொழியில் ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது. 'லாவ் எதிர் நிக்கோல்ஸ்' என்ற இந்த வழக்குதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

எப்படி உதவ வேண்டும் என்று மட்டும் கோர்ட் சொல்லவில்லை. அங்கேதான் மாநிலங்களின் ஆட்டம் ஆரம்பம்!

டெக்சஸில் ஒரு கல்வி மாவட்டத்தில், ஒரே வகுப்பில், ஒரே தாய்மொழிக்காரர்கள் 20 பேர் சேர்ந்தால் இருமொழி வகுப்பு நடத்த வேண்டும். காகிதத்தில் பார்த்தால் தமிழுக்கும் இது பொருந்தும்! ஆனால் தகுதியான ஆசிரியர் கிடைக்கவில்லை என்று விதிவிலக்கு வாங்க வழி உண்டு. கலிஃபோர்னியா நேர் எதிராகப் போனது. ரான் அன்ஸ் என்ற சாஃப்ட்வேர் தொழிலதிபர் முன்னின்று கொண்டுவந்த 227-ஆம் பிரேரணை, 1998 வாக்கெடுப்பில் 61 சதவிகித ஆதரவோடு ஜெயித்தது. ஒரு வருஷம் ஆங்கிலத்திலேயே முக்கி எடு, அப்புறம் பொது வகுப்புக்கு அனுப்பு என்பதுதான் சாரம். 18 வருஷம் கழித்து, 2016-ல், அதே மாநில மக்கள் 73 சதவிகித ஓட்டுப் போட்டு அதைத் தூக்கிப் போட்டார்கள். அரிசோனா இன்னும் ஒரு படி மேலே: தினமும் நாலு மணி நேரம் தனி ஆங்கில வகுப்பு. அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் கணக்கும் அறிவியலும் படித்து முன்னால் போய்விடுவார்களே? 2019-ல்தான் அந்த நேரத்தைச் சட்டம் போட்டுக் குறைத்தார்கள்.

அதனால் பெற்றோரின் பயத்தை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆறு வருஷத்துக்கு மேலாகியும் இந்த முத்திரை போகாத பிள்ளைகளுக்குக் கலிஃபோர்னியா சட்டத்தில் தனிப் பெயரே இருக்கிறது. மைதானத்தில் சரளமாக இங்கிலீஷ் பேசுவார்கள்; பாடப்புத்தக இங்கிலீஷில் தடுமாறுவார்கள். கூடுதல் ஆங்கில வகுப்பு வந்தால் இசையோ ஓவியமோ போய்விடும்.

ஆனாலும் படிவத்தில் பொய் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைக்கு நிஜமாகவே உதவி தேவைப்பட்டால், கேட்காமலே அது கிடைக்க வைக்கிற முதல் கதவு அந்தப் படிவம்தான். தனி வகுப்பு வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து மறுக்கலாம். அந்த உரிமை உண்டு. என்ன, தேறும் வரைக்கும் வருஷா வருஷம் தேர்வு மட்டும் எழுதியே ஆக வேண்டும்.

2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை நாட்டின் அதிகாரப்பூர்வ மொழியாக அறிவித்தார். அதற்காக 1974 தீர்ப்பு ரத்தாகிவிடவில்லை. டெக்சஸோ 2021-லேயே இந்த மாணவர்களின் பெயரை மாற்றிவிட்டது. 'ஆங்கிலம் போதாதவர்' போய், 'இருமொழியாளராக வளர்ந்து வருபவர்' ஆகிவிட்டார்கள்!

இதில் இன்னொரு வேடிக்கை. பள்ளி முடிக்கும்போது இரண்டு மொழியில் கெட்டிக்காரர் என்று நிரூபித்தால் டிப்ளமோவில் 'இருமொழி முத்திரை' கொடுப்பார்கள். 2011-ல் கலிஃபோர்னியா சட்டம் போட்டு ஆரம்பித்தது. தமிழுக்காக அதை வாங்கிய பிள்ளைகளும் உண்டு. ஒண்ணாங்கிளாஸில் 'இங்கிலீஷ்' என்று எழுதிய அதே அம்மா அப்பா, பிளஸ் டூவில் அந்தத் தமிழ் முத்திரையை போட்டோ எடுத்து உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், லைக் போடும் முன்னாடி அந்தப் பழைய படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் கேட்டு வையுங்க!