கோல்ப் மைதானமும் எமது வரிப்பணமும்

மொன்றியல் வாழ் எம்மவருள் கோல்ப் ஆடுவோர் மிகச் சிலரே. ஆயினும், பொதுக் கோல்ப் மைதானமொன்றைச் சீரமைக்க உள்ளூராட்சி சபை பணம் ஒதுக்கலாமா என்ற வினா எமக்குப் புறம்பானதன்று. கியூபெக்கில் இச்சபைகளின் வருவாயிற் பெரும்பகுதி சொத்து வரியாகும். வீட்டுக்காரர் அதை நேரே செலுத்துகின்றார். குடியிருப்பவர் வாடகையினூடாகச் செலுத்துகின்றார். பார்க் எக்ஸ்ரென்ஷனில் இரண்டு அறைகளுக்குள் வாழும் அகதிக் குடும்பமும் வரி செலுத்தும் குடும்பமே.

கோல்ப் என்றதும் எம்மிற் பலருக்கு, நுவரெலியாவில் 1889இல் வெள்ளைத் துரைமார் தமக்கென அமைத்த கழகம் நினைவில் எழக்கூடும். பொது மைதானம் அத்தகையதன்று; கழக அங்கத்துவம் பெற வசதியற்றவரும் கட்டணம் செலுத்தி ஆடலாம். மொன்றியலின் கிழக்கில் மாநகரசபைக்கு இவ்வாறான மைதானம் இருந்தது. 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்குவதற்கான மாடிக் கட்டடங்கள் அதன் ஒரு பகுதியிலேயே எழுப்பப்பட்டன. எஞ்சிய நிலம் ஒன்பது குழி மைதானமாயிற்று. நெருக்கமான நகரில் பசுந்தரையாக நிலைத்த நிலத்துக்குப் பெறுமதி உண்டு. ஆனால் நீரும் பராமரிப்பும் மிகுதியாக வேண்டும் இம்மைதானத்தில் ஒரு வேளையில் ஆடக்கூடியவர் சிலரே என்பதும் உண்மை.

செலவுக் கணக்கு இவ்வாறிருக்க, அதனினும் முதன்மையான கேள்வி ஒன்றுண்டு: நிலம் யாருடையது? மொன்றியலுக்கு மேற்கேயுள்ள ஒக்கா என்னும் சிற்றூர் இக்கேள்வியைக் கேளாது விட்டதன் விலையை நாடே அறியும்.

அங்கு 1961இல் அமைக்கப்பட்ட தனியார் கழகமொன்றின் ஒன்பது குழி மைதானத்தைப் பதினெட்டுக் குழிகளாக விரிக்கவும், அருகே சொகுசு வீடுகள் கட்டவும் நகரசபை இசைந்தது. குறித்த பைன் மரக்காடு தமது மூதாதையரின் நிலமென்றும், அருகில் தமது இடுகாடு உள்ளதென்றும் கனசதாகே மொஹோக் மக்கள் கூறினர். அவர்களது நிலவுரிமைக் கோரிக்கையை மத்திய அரசு 1986இல் நிராகரித்திருந்தது. 1990 மார்ச்சில் அவர்கள் பாதையை மறித்தனர். ஜூலை 11இல் பொலிசார் தடையை அகற்ற முற்பட்டபோது மார்செல் லெமே என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் சுடப்பட்டு இறந்தார். கானவாகே மொஹோக் மக்கள் மெர்சியே பாலத்தை மறித்தனர். இராணுவம் வந்தது. எழுபத்தெட்டு நாட்களின் பின், செப்டெம்பர் 26இலேயே முற்றுகை முடிவுற்றது. மைதான விரிவாக்கம் கைவிடப்பட்டது. நிலப் பிணக்கோ அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

அந்நாட்களில் மொன்றியலில் வாழ்ந்த எம்மவர், வீதித்தடையையும் கவச வாகனத்தையும் இந்நாட்டிலும் காண நேர்ந்ததெண்ணித் திகைத்திருப்பர். சொந்தக் காணியை இழந்து வந்தோர், மூதாதையரின் இடுகாட்டைக் காக்க எழுந்தவரின் துயரை விளங்கிக்கொள்ள நெடிய விளக்கம் வேண்டியதில்லை.

எனவே எமது நிலைப்பாடு இதுவாகும். இருக்கும் பொது மைதானத்தின் வடிகாலையும் மரங்களையும் பேணச் சிறுதொகை செலவிடுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆடுவோரின் கட்டணம் அதிற் பெரும்பங்கைத் தாங்கவேண்டும். பனிக்காலத்தில் அந்நிலம் அனைவரும் உலாவத் திறந்திருக்கவேண்டும். ஆனால் விரிவாக்கம் வேறு. நிலத்தின் உரித்தாளரையும் அயலில் வாழ்வோரையும் கேளாமல் அதற்கென ஒரு டொலரேனும் ஒதுக்கலாகாது.

குடியுரிமை பெறாதோர் மாநகரத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆயினும் 2006இல் நடைமுறைக்கு வந்த மொன்றியல் உரிமைகள், பொறுப்புகள் சாசனம், நகரில் வாழும் எவரையும் அதன் குடிமகனென்றே கொள்கின்றது. சபைக் கூட்டங்களில் பொதுமக்களின் கேள்விகளுக்கென நேரமும் உண்டு. மைதானம் பற்றியோ, எமது பிள்ளைகள் விளையாட ஒரு பூங்கா இன்மை பற்றியோ அங்கு எழுந்து கேட்பதற்கு எம்மவர் தயங்கவேண்டியதில்லை.