வாளிக்குள் ஒரு நாற்றங்கால்

செம்பூரில் நாங்கள் வாழ்ந்த பழைய குடியிருப்பு மறுகட்டுமானத்திற்காக இடிக்கப்படவிருந்தது. ஜூன் முதல் வாரத்திற்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது, அம்மா பாத்திரங்களைப் பற்றியோ பீரோவைப் பற்றியோ கவலைப்படவில்லை. "அந்தச் செம்பருத்தியை என்னடா செய்வது?" என்று மட்டும் கேட்டார்.

திருமணமாகி மும்பைக்கு வந்த ஆண்டில், கும்பகோணத்து வீட்டுக் கொல்லையிலிருந்து ஈரத்துணியில் சுற்றி, இரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு குச்சிதான் அது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தரைத்தளச் சன்னலோரம் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து நின்றது. அதை வேரோடு பெயர்த்து மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. மீண்டும் ஒரு குச்சியாகத்தான் அது பயணம் செய்ய வேண்டியிருந்தது.

ஏப்ரல் இறுதியில் எட்டுத் துண்டுகளை வெட்டிக் கண்ணாடிப் புட்டியில் நீரூற்றி வைத்தேன். ஐந்தாம் நாள் நீர் கலங்கியது. பத்தாம் நாள் தண்டின் அடிப்பகுதி பழுப்பேறி வழுவழுத்துப்போயிற்று. எட்டும் அழுகின. மரத்தில் வெட்டத்தக்க இளங்கிளைகள் இன்னும் சிலவே எஞ்சியிருந்தன. தவறு எங்கே நேர்ந்தது என்பதை அறியாமல் அடுத்த வெட்டை வெட்டக் கூடாது என்று உறுதி செய்துகொண்டேன்.

வெட்டுவாயில் நிகழ்வது என்ன?

முருங்கைப் போத்தையும், மரவள்ளிக் குச்சியையும், கரும்புக் கரணையையும் நட்டுப் பயிராக்கியவர்கள் நம் முன்னோர்கள். தண்டிலிருந்து ஒரு முழுச் செடியே எழும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. 'குளோன்' என்ற சொல்லும் தோட்டக்கலையிலிருந்தே பிறந்தது. சுள்ளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு, இவ்வாறு பெருக்கப்படும் செடிகளுக்காக ஹெர்பர்ட் வெப்பர் என்ற தாவரவியலாளர் 1903-இல் அதை உருவாக்கினார். விதையிலிருந்து வருவது பிள்ளை. துண்டிலிருந்து வருவதோ அதே தாய்ச்செடி.

செடியின் நுனிமொட்டிலும் இளந்தளிரிலும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி உருவாகித் தண்டு வழியே கீழிறங்குகிறது. தண்டை வெட்டியதும் அதன் பாதை தடைப்பட்டு, வெட்டுவாயருகே அது தேங்குகிறது. அதன் தூண்டுதலால் அங்குள்ள சில உயிரணுக்கள் தம் பழைய பணியைத் துறந்து, புதிய வேர்முனைகளாக உருமாறத் தொடங்குகின்றன. இதற்கு ஆற்றல் வேண்டும்; ஆற்றல் பெற உயிரணுக்கள் சுவாசிக்க வேண்டும்; சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும்.

என் புட்டியில் இல்லாமற்போனது அதுவே. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். ஒரு லிட்டர் காற்றிலோ அதைப்போல் முப்பது மடங்குக்கும் மேல் உண்டு. கோடை வெப்பத்தில் அசையாது நிற்கும் நீரில், இருக்கும் சிறிதளவையும் நுண்ணுயிரிகள் உண்டுவிடுகின்றன. தண்டு மூச்சுத் திணறி அழுகுகிறது.

வாளியும் காற்றுக் குமிழியும்

நீருக்குள் இடைவிடாது காற்றைச் செலுத்துவதே இதற்குத் தீர்வு. தேவையான பொருள்கள் எளியவை: மூடியுள்ள பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளி, வண்ணமீன் கடையில் கிடைக்கும் சிறிய காற்றுப் பம்பு, அதன் குழாய், குமிழிக்கல், சிறிது ஸ்பாஞ்சு.

மூடியில் நான்கு சென்டிமீட்டர் அகலத் துளைகள் ஆறேழு இடுங்கள். துளைக்குச் சற்றுப் பெரிதாக ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறல் போடுங்கள். தண்டை அக்கீறலில் செருகித் துளையில் பொருத்தினால் அது நேராக நிற்கும். குமிழிக்கல்லை வாளியின் அடியில் வைத்து, தண்டின் நுனி இரண்டு சென்டிமீட்டர் நனையுமளவு நீர் நிரப்புங்கள். குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது தெறிக்கும் திவலைகள் தண்டின் மற்றப் பகுதியையும் ஈரமாக வைத்திருக்கும்.

வாளிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி படரும். வெள்ளை வாளியாயின் கறுப்புக் காகிதத்தால் சுற்றிவிடுங்கள். பம்பை நீர்மட்டத்தைவிட உயரமான இடத்தில் வையுங்கள். இல்லையேல் மின்சாரம் நின்றதும் குழாய் வழியே நீர் பின்னேறிப் பம்புக்குள் புகுந்துவிடும். மின்செலவு அச்சுறுத்துவதன்று: 3 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினாலும் முப்பது நாளுக்கு 2.16 யூனிட்தான் ஆகும்.

துண்டு எடுக்கும் முறை

நோயற்ற, பூக்காத, மிக இளசாகவும் முற்றலாகவும் இல்லாத கிளையைக் காலைநேரத்தில் தேர்ந்தெடுங்கள். கூரிய, தூய கத்தியால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். துண்டு பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் நீளம் இருந்தால் போதும். மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, மற்றவற்றைக் களைந்துவிடுங்கள். இலை மிகுந்தால் வேரில்லாத தண்டு நீரிழந்து வாடும்; இலையே இல்லாவிட்டால் அதற்கு உணவு கிடைக்காது.

குழாய்நீரை ஓரிரவு திறந்து வைத்தபின் பயன்படுத்துங்கள். தேனோ சர்க்கரையோ கலக்க வேண்டா. அவை பாக்டீரியாக்களுக்கே விருந்தாகும். உரமும் இப்போது தேவையில்லை. வேர்த்தூண்டித் தூள் மண்ணில் நடுவோர்க்குப் பயன்படும்; நீரில் அது கரைந்து போய்விடும்.

புதினா, கோலியஸ் ஆகியவை ஏறத்தாழ ஒரு வாரத்திலும், துளசி பத்து நாளிலும், மணி பிளான்ட் இரு வாரங்களிலும் வேர்விடும். செம்பருத்தி, மல்லிகை போன்ற கட்டைத்தண்டுச் செடிகளுக்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். மாவும் பலாவும் இம்முறைக்கு இணங்கா. கள்ளி வகைகளின் வெட்டுவாய் உலர்ந்த பின்னரே நட வேண்டுமாதலால் அவற்றை நீரில் இடக் கூடாது.

கொசுவுக்கு இடம் தராதீர்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டினுள் தேங்கும் தெளிந்த நீரிலும் முட்டையிடுகிறது. மணி பிளான்ட் புட்டியும் அதற்கு ஏற்ற இடமே. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நீரை முழுவதும் மாற்றி, வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய முட்டைகளும் அப்போது நீங்கும். பயன்படுத்தாத துளைகளை அடைத்து வையுங்கள்.

மண்ணுக்கு மாற்றுதல்

வேர்கள் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். நீரில் வளர்ந்த வேர் எளிதில் முறியும். தாமதித்தால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்கலாகும். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த இளகிய மண்ணில் மெல்ல நட்டு, ஒளி ஊடுருவும் பாலித்தீன் உறையால் தளர்வாக மூடி, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பின்னர் உறையைச் சிறிது சிறிதாக விலக்கி, இளவெயிலுக்குப் பழக்குங்கள்.

மே ஐந்தாம் நாள் ஆறு துண்டுகளை வாளியில் இட்டேன். குளியலறைக்கு வெளியே, வெயில் படாத தரையில் அது இரவும் பகலும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரம் தண்டில் வெண்புள்ளிகள் அரும்பின. இருபத்தாறாம் நாள் மூடியைத் தூக்கியபோது நான்கு துண்டுகளில் வெள்ளை வேர்கள் தொங்கின. இரண்டு பிழைக்கவில்லை.

வீட்டுச் சாவியை ஒப்படைத்த அன்று, அம்மா ஆட்டோவில் இரண்டு தொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாவதைத் தங்கை வீட்டுக்கும் நான்காவதை எதிர்வீட்டுக் குடும்பத்திற்கும் கொடுத்திருந்தார். காரணம் கேட்டேன். "எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாமா? நம்மிடம் இருப்பது பட்டுப்போனால், கேட்டு ஒரு குச்சி வாங்கிக்கொள்ளலாமே" என்றார்.

அடுத்த ஆண்டு மாடிச் சன்னலில் முதல் பூ மலர்ந்தது. நிறத்தில் எள்ளளவும் மாற்றமில்லை.