பாய்ப்படகுப் பந்தயமும் கருவி விதிகளும்

கண்டி மாநகரின் நடுவே, தலதா மாளிகையின் அருகில் விளங்கும் வாவி, கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனால் 1807ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. சிங்கள மக்கள் அதனைக் 'கிரி முகுத' என வழங்குவர். பாற்கடல் என்பது அதன் பொருள். கடலினின்றும் விலகிய மலைநாட்டின் நடுவே கடலின் பெயர் நிலைத்தமை வியப்புக்குரியது. பின்னர் மகாவலியின் குறுக்கே, 122 மீற்றர் உயரமுடைய விக்ரோறியா அணை எழுந்தது. 1985ஆம் ஆண்டில் அது திறந்து வைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீருள் ஆழ்ந்தது. மலைகளுக்கிடையே பரந்த நீர்ப்பரப்பொன்று தோன்றிற்று. ஆகவே மலைநாட்டு மாணவர்க்கும் நீர் அந்நியமான பொருளன்று. நீரின்மேற் செல்லும் கலங்களைப் பற்றியும், அவற்றுக்கென வகுக்கப்பட்ட விதிகளைப் பற்றியும் அறிந்துகொள்ளுதல் அவர்க்குப் பயன்தருவதொன்றாகும்.

சிறு பாய்ப்படகுகளைக் கொண்டு நடத்தப்படும் பந்தயம் காற்றையும் நீரையும் உணர்ந்து செலுத்தும் அறிவைச் சோதிப்பது. ஆயினும், ஒருவனுடைய படகு மற்றவனுடையதைவிட இலேசாகவும், அவனது பாய் பெரிதாகவும் இருப்பின், வென்றது அறிவோ, பொருளோ என்னும் ஐயம் எழும். அதுவேயன்றி, வெற்றியை விரும்பிப் படகினை மேன்மேலும் மெலிவாக்குவோன் தன் உயிரையே பணயமாக வைக்கின்றான். நேர்மை, உயிர்க்காப்பு என்னும் இவ்விரண்டு நோக்கங்களையும் நிறைவேற்றவே கருவி விதிகள் எழுந்தன. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருங்கே செல்வன. சிலவேளைகளில் ஒன்றோடொன்று முரணுவதும் உண்டு.

ஆளே எடையாதல்

பாயிற் படும் காற்று படகினை முன்னே செலுத்துவதோடு, ஒருபுறமாகச் சாய்க்கவும் செய்கின்றது. அச்சாய்வைத் தடுத்தற்குப் படகோட்டி எதிர்ப்புறத்தே உடலை வெளியே நீட்டிச் சரிகின்றான். அவனது எடை எவ்வளவு மிகுதியோ, அது படகின் நடுக்கோட்டினின்றும் எவ்வளவு தொலைவிற் செயற்படுகின்றதோ, அவ்வளவுக்குப் படகு நிமிர்ந்து நிற்கும், விரைவும் மிகும். எனவே சிறுபடகில் ஆளும் ஒரு கருவியே ஆவான்.

இவ்வுண்மையை இலங்கையின் மேற்கு, தெற்குக் கரையோர மீனவர் நூலறிவு இன்றியே உணர்ந்திருந்தனர். நீர்கொழும்பு முதலிய இடங்களில் வழங்கும் 'ஒருவ' என்னும் படகு, பக்கத்தே நீண்ட கழிகளாற் பிணைக்கப்பட்ட மிதவையொன்றை உடையது. காற்று வலுக்கும்போது மீனவன் ஒருவன் அக்கழியின்மீது ஏறி வெளியே செல்வான். மேலும் வலுப்பின் இரண்டாமவனும் செல்வான். இதனால் அவர்கள் காற்றின் வன்மையையே 'ஓராள் காற்று', 'ஈராள் காற்று' என அளந்துரைத்தனர் என்பர். காற்றினை மனிதனின் எடையால் அளந்த இவ்வழக்கு, பிற்காலப் பந்தய விதிகள் பலவற்றின் அடிப்படையைச் சுருங்க விளக்குவது.

ஒருவடிவ வகுப்புகள்

படகுகளுக்கிடையே வேற்றுமையை நீக்குதற்கு எளிய வழி, யாவரும் ஒரே வடிவுடைய படகில் ஏறுதலேயாம். பொல்கொட வாவியிற் பந்தயம் விடப்படும் 'ஜீ. பி. 14' என்னும் இருவர் படகு இத்தகையது. அதனை ஆங்கிலேயராகிய ஜாக் ஹோல்ற் என்பார் 1949ஆம் ஆண்டளவில் வரைந்தார். அதன் நீளம் 14 அடி. சிறுவர்க்குரிய 'ஒப்ரிமிஸ்ற்' என்னும் படகை, 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பார் அமைத்தார். அது 2.3 மீற்றர் நீளமே உடையது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் அவ்வகுப்பிற் போட்டியிடுதல் இயலாது.

கனடா நாட்டவராகிய புரூஸ் கேர்பி 1969ஆம் ஆண்டில் வரைந்த 'லேசர்' என்னும் ஒருவர் படகு இக்கொள்கையை இன்னும் இறுக்கமாகக் கைக்கொண்டது. 1996ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விழாவிற் சேர்க்கப்பட்ட இப்படகு, 2019ஆம் ஆண்டு முதல் 'ஐ. எல். சி. ஏ.' என வழங்குகின்றது. உரிமை பெற்றவர் செய்த உடலும் பாயும் அன்றிப் பிறவற்றை இதிற் பயன்படுத்துதல் கூடாது.

வகுப்பு விதிகள் இருவகைப்படும். விலக்கப்படாத யாவும் செய்யத்தக்கன என்பது ஒருவகை. அனுமதிக்கப்படாத யாவும் விலக்கப்பட்டன என்பது மற்றொரு வகை. முன்னது புதுமைக்கு இடந்தருவது. ஆயின் செலவை வளர்ப்பது. பின்னது புதுமையைக் கட்டுப்படுத்துவது. ஆயின் எளிய குடும்பத்துப் பிள்ளையையும் செல்வன் மகனையும் ஒரே கோட்டில் நிறுத்துவது. சிறுவர் வகுப்புகள் பின்னதையே தழுவியமைக்குக் காரணம் வெளிப்படை.

எடையும் அதன் பங்கீடும்

ஒப்ரிமிஸ்ற் படகின் உடல் 35 கிலோகிராமுக்குக் குறைதல் ஆகாது. குறையின், ஈடுசெய்யும் எடைத் துண்டுகளைப் படகிற் பொருத்துதல் வேண்டும். இவ்வெல்லை இல்லையாயின், படகு செய்வோர் பலகையை இழைத்து இழைத்து மெலிவிப்பர். அங்ஙனம் செய்த படகு ஒரு பருவம் வெல்லும். மறு பருவம் அலையிற் பிளக்கும். ஆகவே குறைந்த எடையை வரையறுக்கும் இவ்வொரு விதி நேர்மைக்கும், படகின் உறுதிக்கும், செலவின் சுருக்கத்துக்கும் ஒருங்கே காவலாகின்றது.

மொத்த எடையை நிறுத்தறிதல் மட்டும் போதுமானதன்று என்பதை 'ஃபின்' வகுப்பு உணர்த்திற்று. சுவீடன் நாட்டு றிக்கார்ட் சார்பி 1949ஆம் ஆண்டில் வரைந்த இவ்வொருவர் படகு, 1952ஆம் ஆண்டு முதல் 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற தோக்கியோ விழா வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில், அக்கபுல்கோக் கடலில் இவ்வகைப் படகைச் செலுத்தி இலங்கையின் சார்பிற் போட்டியிட்டவர் றே விஜேவர்தன ஆவார். 'லாண்ட்மாஸ்ரர்' எனப்பட்ட இருசக்கர உழவு இயந்திரத்தை ஆக்கிய பொறியியலறிஞரும் அவரே.

இரு படகுகள் ஒரே எடையின ஆயினும், ஒன்றின் எடை நடுவிலே திரண்டிருப்பின், அதன் முனைகள் இலேசாகி அலைமீது எளிதில் எழுந்து தாழும். மற்றையது அலையில் இடித்து விரைவிழக்கும். இந்த வேற்றுமையை எடைத்தராசு காட்டாது. எனவே 1970களில் கில்பேர் லாம்பொலே என்பவரின் பெயரால் வழங்கும் சோதனையொன்று ஃபின் வகுப்பிற் புகுத்தப்பட்டது. படகினைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டி, ஓர் அலைவுக்கு ஆகும் நேரத்தை அளந்து, எடை பரவியுள்ள முறையை அறிதலே அச்சோதனையாம். பள்ளி ஆய்வுகூடத்து ஊசற் பரிசோதனை, நேர்மையை நிலைநாட்டும் கருவியாக இங்கு மாறிற்று.

நனைந்த ஆடை

நேர்மையும் உயிர்க்காப்பும் முரணிய இடம் ஆடையாகும். எடை மிகுந்தவன் வலிய காற்றில் வெல்வான் என்பது தெளிவானபின், எடை குறைந்தோர் நீரூறும் அங்கிகளை அடுக்கடுக்காக அணிந்து தம் பாரத்தை மிகுவித்தனர். ஒரு காலத்திற் சில வகுப்புகளில் 20 கிலோகிராம் வரை நனைந்த ஆடை அனுமதிக்கப்பட்டது. மெலிந்தவனுக்கும் பருத்தவனுக்கும் இடையே சமநிலை காணும் வழியென இதனை ஆதரித்தோரும் இருந்தனர். ஆனால் அப்பாரம் முதுகெலும்பையும் முழங்கால்களையும் வருத்துவது. படகு கவிழ்ந்து நீரில் விழுந்தவன் மீண்டும் ஏறமுடியாதவாறு கீழே இழுப்பது. சமன்செய்தற்கென வந்த வழி சாவுக்கு வழியாதல் தகாதென்று கருதி, எல்லை படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

இன்றைய பன்னாட்டு விதிப்படி, போட்டியாளர் தம் எடையை மிகுவிக்கும் நோக்குடன் ஆடை அணிதல் கூடாது. ஆடையும் உடன்கொண்ட பொருள்களும் பொதுவாக 8 கிலோகிராமைத் தாண்டலாகாது. வகுப்பு விதி இவ்வெல்லையைக் குறைக்கலாம். அன்றேல் 10 கிலோகிராம் வரை உயர்த்தலாம். ஐயம் எழுமிடத்து, அவற்றை நீரில் தோய்த்துச் சட்டகத்திற் பரப்பி, ஒரு நிமிடம் வடியவிட்டு நிறுப்பர். கம்பியிற் தொங்கிப் படகைச் சமன்செய்வோர் அணியும் கச்சை, ஆபத்தில் விரைந்து கழலத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்னும் விதி 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தினின்றும் நடைமுறைக்கு வந்தது. கவிழ்ந்த படகின் அடியில் கொக்கி சிக்கினோர் எய்திய இன்னலே இவ்விதியின் காரணம்.

உயிர்காக்கும் சிறு பொருள்கள்

ஒப்ரிமிஸ்ற் படகிற் கட்டாயமாக இருக்கவேண்டிய பொருள்கள் எளியன. ஆயினும் ஒவ்வொன்றும் காரணம் பற்றியது. காற்றடைத்த மிதவைப் பைகள், படகு நீர் நிரம்பினும் மூழ்காதிருத்தற்கு. கயிற்றாற் பிணைக்கப்பட்ட நீரிறைக்கும் கலம், கவிழ்ந்தபோது மிதந்து போகாதிருத்தற்கு. பாய்மரத்தைக் கட்டிவைத்தல், படகு தலைகீழானபோது அது கழன்று விழாதிருத்தற்கு. நடுப்பலகையைக் கட்டிவைத்தல், கவிழ்ந்த சிறுவன் அதன்மீது ஏறி நின்று, நெம்புகோல்போல அழுத்திப் படகை நிமிர்த்துதற்கு. நீரில் மிதக்கும் நீண்ட இழுகயிறு, மீட்புப் படகு பற்றி இழுத்தற்கு. கவிழ்ந்தவன் கரைநோக்கி நீந்தாது படகையே பற்றியிருத்தல் வேண்டும் என்னும் பாடம் இவற்றாலேயே பொருளுடையதாகின்றது.

உயிர்காப்பு அங்கி பற்றிய விதியும் இத்தகையதே. பந்தய நடுவர் 'வை' என்னும் எழுத்துக்குரிய கொடியை ஏற்றின், அனைவரும் அதனை அணிதல் வேண்டும். உடலோடொட்டிய நீராடையோ, நீர்புகா ஆடையோ அதற்கு ஈடாகாது என விதி தெளிவாகக் கூறுகின்றது. மலைகளுக்கிடையே உள்ள நீர்த்தேக்கங்களில் காற்று கணவாய்கள் வழியே திடீரெனப் பாய்ந்து திசைமாறும் இயல்பினது. கரை அண்மையிலுள்ளது என்னும் எண்ணம் அங்கே ஏமாற்றத் தக்கது.

இவ்வறிவு பந்தயத்துக்கு மட்டும் உரியதன்று. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பயணிகளை ஏற்றிச் சென்ற மிதவைப்படகு கவிழ்ந்து, பாடசாலை மாணவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். ஏற்றும் பாரத்துக்கு எல்லை, ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அங்கி, புறப்படுமுன் சோதனை என்னும் மூன்றும் விளையாட்டுப் படகுக்கு விதியாயின், பள்ளி செல்லும் பிள்ளைகளை ஏற்றும் படகுக்கு அவை எத்துணை இன்றியமையாதன என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

வெற்றியினும் மேலானது

பந்தய விதிநூலின் முதல் விதி கருவியைப் பற்றியதன்று. ஆபத்திலுள்ள எவர்க்கும் எல்லா உதவியும் செய்தல் வேண்டும் என்பதே அது. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் பூசன் கடலில் நடைபெற்றன. ஃபின் வகுப்பில் இரண்டாம் இடத்திற் சென்றுகொண்டிருந்த கனடா வீரர் லோறன்ஸ் லெமியூ, வேறொரு வகுப்பைச் சேர்ந்த சிங்கப்பூர்ப் படகொன்று கவிழ்ந்து இருவர் தத்தளித்தலைக் கண்டார். தம் பந்தயத்தை விட்டு அவர்களை மீட்டார். உதவி செய்தமையால் இழந்த இடத்தை ஈடுசெய்ய விதியில் இடமுண்டாதலின், நடுவர் அவருக்கு அப்பந்தயத்தில் இரண்டாம் இடத்தையே வழங்கினர். பதக்கம் அவர்க்குக் கிட்டவில்லை. பியர் டி கூபேர்த்தன் விருது கிட்டிற்று.

அளவுகோலும் தராசும் ஊசலும் கொண்டு வகுக்கப்பட்ட விதிகள் அனைத்தும் இம்முதல் விதிக்குத் துணையானவை. சமமான படகு தோற்றவனுக்கும் மனநிறைவைத் தருகின்றது. உறுதியான படகு அவனை மறுநாளும் பந்தயத்துக்கு வரச்செய்கின்றது. பந்தயத்தில் ஒருவனே வெல்லலாம். ஆனால் புறப்பட்ட யாவரும் கரைசேர்தல் வேண்டும். அதற்கெனவே விதி பிறந்தது.